டி யோங்குகள் எல்லாம் பங்காளிகள் அல்ல

கத்தார் உலகக் கோப்பையில் நெதர்லாந்து ஆடிய நாட்களில் நண்பர்கள் குழுவில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "ஃபிரெங்கி டி யோங், லூக் டி யோங், ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?" இல்லை. லூக்குக்கு உடன்பிறந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், சீம் டி யோங். அவரும் தேசிய அணிக்கு ஆடியவர்தான். இருவரும் பிறந்தது சுவிட்சர்லாந்தில். அப்பா அம்மா அங்கே கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஃபிரெங்கி தெற்கு ஹாலந்து மாகாணத்தில் ஆர்கெல் ஊர்க்காரர். 2010 இறுதிப்போட்டியில் ஷாபி அலோன்சோவின் நெஞ்சில் காலை வைத்தாரே நைஜல் டி யோங், அவர் ஆம்ஸ்டர்டாம். மூன்று குடும்பம், ஒரே பெயர். (நம் பத்திரிகைகளில் 'டி ஜோங்' என்று வரும். டச்சில் அந்த எழுத்துக்கு ய ஓசை, அதனால் நான் யோங் என்றே எழுதுகிறேன்.)

கேட்டதில் தப்பில்லை. ஒரே குடும்பப்பெயர் என்றால் எங்கேயோ ஒரே தாத்தா இருந்திருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். அந்த நினைப்பைத்தான் இங்கே கொஞ்சம் கலைக்கப் பார்க்கிறேன். நெதர்லாந்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப்பெயர் டி யோங். ஆனால் அந்த 'அதிகம்' உறவைப் பற்றி அநேகமாக எதுவுமே சொல்வதில்லை. அந்த முதலிடத்திலேயே எனக்குச் சந்தேகம் உண்டு.

முதலில் கணக்கு. ஆம்ஸ்டர்டாமில் உள்ள மேர்ட்டென்ஸ் ஆய்வு நிறுவனம் டச்சுக் குடும்பப்பெயர்களுக்கென உருவாக்கிய ஒரு பெரிய தரவுத்தளம் இருக்கிறது. மூன்று லட்சத்துக்கு மேல் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் 1947 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எத்தனை பேர், 2007இல் எத்தனை பேர், எந்த ஊராட்சியில் எவ்வளவு என்று வரைபடத்தோடு காட்டும். 2007 கணக்கில் டி யோங் 80 ஆயிரத்துக்கு மேல். அப்போதைய மக்கள்தொகை ஒரு கோடியே 63 லட்சம் சொச்சம். அதாவது இருநூறு பேரில் ஒருவர். முதலிடம் வாங்கிய பெயருக்கே அவ்வளவுதான்! கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். அந்த நாட்டோடு ஒப்பிட்டால் நெதர்லாந்தில் 'பரவலான பெயர்' என்று ஒன்றே கிடையாது. மூன்று லட்சம் பெயர்கள் சிதறிக் கிடக்கும் மைதானத்தில் கொஞ்சம் உயரமாகத் தெரியும் மேடு, அவ்வளவே.

சரி, பெயர் எப்படி வந்தது? 'இளையவன்' என்று பொருள். ஒரே ஊரில், பெரும்பாலும் ஒரே வீட்டில், இரண்டு யான்கள் (ஆங்கிலத்தில் ஜான்) இருப்பார்கள். அப்பா யான், மகன் யான். மகனை 'இளைய யான்' என்று கூப்பிட்டார்கள். நம் ஊரில் பெரியசாமி, சின்னசாமி என்று பிரிப்பதைப் போன்ற ஏற்பாடு. இதில் ஒரு வேடிக்கை: 'மூத்தவன்' என்று பொருள்படும் பெயர்களும் டச்சில் உண்டு, ஆனால் டி யோங்குக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. காரணம் எளிது என்றே நினைக்கிறேன். மூத்தவர் அந்தப் பெயரோடு ஏற்கெனவே ஊருக்குப் பழக்கமானவர். அவருக்கு எதற்கு அடைமொழி? புதிதாக வந்தவனுக்குத்தான் ஒட்டு தேவைப்படும். அவனுக்கு எழுபது வயதானாலும் ஊர் வாயில் அவன் இளையவன்தான். அப்புறம் அவன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருமே 'இளையவர்கள்'.

இது ஓர் ஊரில் ஒருமுறை நடந்த சங்கதி இல்லை. நூற்றுக்கணக்கான ஊர்களில், தலைமுறைக்குத் தலைமுறை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் முளைத்த பெயர். ஆகவே 80 ஆயிரம் என்ற எண் எத்தனை ஊர்களில் இரண்டு யான்களுக்கும் இரண்டு பீட்டர்களுக்கும் குழப்பம் வந்தது என்பதன் கணக்கு. ஒரு மூதாதையின் வாரிசுக் கணக்காக அதைப் படிக்கவே முடியாது.

இந்த இடத்தில் நெப்போலியன் வருவார். வந்தே தீருவார், டச்சுப் பெயர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது அந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. 1810இல் நெதர்லாந்தை பிரான்சோடு இணைத்துவிட்டார்கள். 1811 ஆகஸ்ட் 18ஆம் தேதி ஆணை வந்தது: குடும்பப்பெயர் இல்லாதவர்கள் எல்லோரும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். கதை என்னவென்றால், பிரெஞ்சுக்காரன் சீக்கிரம் போய்விடுவான், இந்தப் பெயரும் அவனோடு போய்விடும் என்று நினைத்த குறும்புக்காரர்கள் வேண்டுமென்றே கிண்டல் பெயர்களைக் கொடுத்தார்களாம். பிரெஞ்சுக்காரன் போனான், பெயர் ஒட்டிக்கொண்டது, பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் சுமக்கிறார்கள் என்பார்கள். சான்றாக எப்போதும் காட்டுவது நாக்ட்கெபோரன் என்ற பெயரை: 'அம்மணமாகப் பிறந்தவன்'.

அருமையான கதை. ஆனால் அந்தப் பெயர் 1811க்கு முன்பே இருந்தது. அப்பா இறந்தபின் பிறந்த பிள்ளையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் டச்சு நாக்கில் உருமாறி அப்படி ஆனது என்பதே பெயராய்வாளர்களின் விளக்கம். சோகமான பெயர், சிரிப்புக் கதையாகிவிட்டது. எனக்கு இந்தக் கதையின் மேல் கொஞ்சம் கோபமே உண்டு. பதிவு அலுவலகத்துக்கு வந்து நின்ற உழவனும் படகுக்காரனும் விவரமில்லாதவர்கள், விளையாட்டுத்தனமானவர்கள் என்ற எள்ளல் அதற்குள் இருக்கிறது.

உண்மையில் ஹாலந்துப் பகுதி நகரங்களில் பெரும்பாலானோருக்கு அதற்கு வெகு முன்பே குடும்பப்பெயர் இருந்தது. ஆணை உறைத்தது வடக்கிலும் கிழக்கிலும், முக்கியமாக ஃபிரீஸ்லாந்தில். அந்தப் பகுதியின் பெயர்ப்பதிவேடுகள் லேவார்டன் நகரத்தில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. ஒரு பதிவு எப்படி இருக்கும் தெரியுமா? குடும்பத் தலைவரின் பெயர், அவர் எடுத்துக்கொண்ட குடும்பப்பெயர், பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக, வயதோடு. வேறு ஊரில் வாழும் பிள்ளை என்றால் அந்த ஊர். மகன் வயிற்றுப் பேரப்பிள்ளைகளும் உண்டு. கீழே கையெழுத்து, எழுதத் தெரியாதவர் என்றால் அந்தக் குறிப்பு. மூன்று தலைமுறையை உட்காரவைத்து யோசித்துப் பதிந்திருக்கிறார்கள். பலர் ஊர் ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்த பெயரைத்தான் கொடுத்தார்கள். டி யோங்கும் டி ஃபிரீஸும் ('ஃபிரீஸ்லாந்துக்காரன்') அங்கே அவ்வளவு அடர்த்தியாக இருப்பதற்கு இந்தப் பதிவேடுகளும் ஒரு காரணம். வராமல் டிமிக்கி கொடுத்தவர்களுக்காக மன்னர் முதலாம் வில்லெம் 1825இல் மறுபடி ஓர் ஆணை போட வேண்டியிருந்தது.

இனி முதலிடத்தைப் பற்றிய என் சந்தேகம். பட்டியலில் இரண்டாவதாக வருவது யான்சன். யானின் மகன், வேறொன்றும் இல்லை. 2007இல் 70 ஆயிரத்துக்கு மேல். கொஞ்சம் கீழே, முதல் பத்துக்குள்ளேயே இன்னொரு யான்சன் இருக்கும். முன்னதில் ஒரு எஸ், பின்னதில் இரண்டு எஸ். அது 50 ஆயிரத்துக்கு மேல். இரண்டையும் கூட்டினால் 1.2 லட்சத்தைத் தாண்டும், டி யோங் எங்கேயோ பின்தங்கிவிடும். ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்ட எழுத்தர்களால் யான்சன்களின் கிரீடம் பறிபோனது! இரண்டு எஸ் வகை தெற்கே லிம்பர்க் மாகாணத்தில் மண்டிக் கிடக்கிறது. எல்லை தாண்டி பெல்ஜியம் போனால் கடைசியிலும் ஓர் எஸ் சேர்ந்து யான்சன்ஸ் ஆகிவிடும். அங்கே அது மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. கொரோனா காலத்தில் ஜான்சன் அண்ட் ஜான்சன் தடுப்பூசியை ஐரோப்பாவில் 'யான்சன்' என்றார்களே, அது பெல்ஜிய மருத்துவர் பால் யான்சன் தொடங்கிய மருந்து நிறுவனத்தின் பெயர். யோசித்துப் பாருங்கள், அந்த ஒரு ஊசிக்கு ஜானின் மகன், ஜானின் மகன், யானின் மகன் என்று மூன்று பேர் சொந்தம் கொண்டாடியிருக்கிறார்கள்.

இதைப் பெயராய்வாளர்கள் அறியாதவர்கள் இல்லை. எழுத்துக்கூட்டல் வேறானால் வேறு பெயர் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி, அதற்கு நியாயமும் உண்டு. யான்சன்களைச் சேர்த்தால் அப்புறம் டி யோங்கோடு ஸேலாந்துப் பக்கம் அதிகமிருக்கும் டி யோங்கவையும் சேர்க்கச் சொல்வார்கள். கரைமேட்டருகே குடியிருந்ததால் வந்த வான் டைக்கையும், அதே பொருளில் ஃபிரீஸ்லாந்து விகுதியோடு வரும் டைக்ஸ்ட்ராவையும் சேர்க்கச் சொல்வார்கள். லிவர்பூல் தடுப்பாட்டக்காரர் விர்ஜில் வான் டைக்கும், மென்பொருள்காரர்கள் கும்பிடும் குறும்பாதை அல்காரிதத்தைத் தந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவும் ஒரே கணக்கில் வந்துவிடுவார்கள். எங்கேயாவது கோடு போடத்தான் வேண்டும். கோட்டை எங்கே போட்டார்கள் என்று பார்க்காமல் 'நம்பர் ஒன்' என்று பரப்புவதுதான் எரிச்சல்.

ஒரே பெயருக்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதற்கு இரண்டாம் உலகப்போர்க் காலத்து மூன்று டி யோங்குகளைச் சொல்ல வேண்டும். முதலாமவர் யொஹான்னஸ் டி யோங், ஃபிரீஸ்லாந்தைச் சேர்ந்த ஆமெலாந்து தீவில் பிறந்த கத்தோலிக்கர், உட்ரெக்ட் பேராயர். யூதர்களை நாடு கடத்துவதைக் கண்டித்து 1942 ஜூலையில் கத்தோலிக்கத் தேவாலயங்களில் கடிதம் வாசிக்கவைத்தார். நாஜிகள் பழிக்குப் பழியாக, கத்தோலிக்க மதத்தைத் தழுவியிருந்த யூதர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். யூதக் குடும்பத்தில் பிறந்து கன்னியாஸ்திரியான தத்துவவாதி ஈடித் ஸ்டைன் அப்படிப் போனவர்தான். இரண்டாமவர் பீட் டி யோங். நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி. ஜெர்மானியர் நுழைந்தபோது கப்பலோடு இங்கிலாந்துக்குத் தப்பி, போர் முழுக்கக் கடலுக்கடியில் இருந்தார். பின்னாளில், 1967 முதல் 1971 வரை, பிரதமர். மூன்றாமவர் லூ டி யோங். ஆம்ஸ்டர்டாம் யூதக் குடும்பம். 1940 மே மாதம் லண்டனுக்குத் தப்பி அங்கிருந்து வானொலியில் பேசினார். பெற்றோரும், தங்கையும், தன்னோடு ஒரே பிரசவத்தில் பிறந்த சகோதரனும் கொல்லப்பட்டார்கள். பிறகு அந்தப் போரின் டச்சு வரலாற்றைப் பல பாகங்களாக எழுதியவர் அவர்தான்.

தீவுக் கத்தோலிக்கர், ஆபல்டோர்னில் பிறந்த கடற்படைக்காரர், ஆம்ஸ்டர்டாம் யூதர். மூவருக்கும் பொது, பெயர் மட்டுமே.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என்னை மிகவும் உறுத்துவது. நெதர்லாந்தில் இருந்த சுமார் 1.4 லட்சம் யூதர்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தரவுத்தளத்தின் பழைய கணக்கான 1947 கணக்கெடுப்பு அதற்குப் பிறகு எடுத்தது. யூதர்கள் மட்டுமே வைத்திருந்த அரிய பெயராக இருந்தால் 1947 பத்தியில் அந்தக் குறைவு கண்ணில் படும், சில பெயர்களில் பூஜ்யமாகவே இருக்கும். டி யோங், டி ஃபிரீஸ் போன்ற பெரிய பெயர்களில் அது தெரியவே தெரியாது. மற்றவர்களின் எண்ணிக்கை அதை மூடிவிடுகிறது. 2021இல் ஆம்ஸ்டர்டாமில் திறந்த பெயர்ச் சுவரில் கொல்லப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு செங்கல், பெயர், பிறந்த தேதி, வயது. அகர வரிசையில் டி யோங் வரும் இடத்தில் செங்கல் மேல் செங்கலாக அதே பெயர்தான். அந்த எண்ணிக்கையை எந்தத் தரவரிசையிலும் பார்க்க முடியாது.

இப்போது புரிந்திருக்கும், 'உங்கள் குடும்பப்பெயரின் இலச்சினை' விற்கும் இணையக் கடைகள் மேல் எனக்கு ஏன் அவ்வளவு கடுப்பு என்று. பெயரைத் தட்டினால் சிங்கமும் கேடயமும் போட்ட ஒரு படம், காபிக் கோப்பையில் அச்சடித்துத் தருகிறார்களாம். எந்த டி யோங்கின் கேடயம் ஐயா அது? பேராயருக்கு உரியதா, படகுக்காரனுக்கு உரியதா? பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்குச் சிங்கம் எங்கிருந்து வந்தது?

நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்பவர்களுக்கு: இலங்கையில் டச்சு ஆட்சி 1658 முதல் 1796 வரை இருந்ததால் பறங்கியர் (அங்குள்ள ஐரோப்பிய வம்சாவளியினர்) பெயர்களில் இந்த வரலாறு பழைய வடிவத்திலேயே கிடக்கிறது. 'யானின் மகன்' என்பதைச் சுருக்கி கடைசியில் இஸட் போட்டு எழுதிய பழைய டச்சு வழக்கம் அங்கே இன்றும் குடும்பப்பெயர். எழுத்து அப்படியே, உச்சரிப்புதான் ஆங்கில வழியில் ஜான்ஸ். தலைகீழ்ப் பயணமும் உண்டு. ஒண்டாட்ஜே என்றால் டச்சுப் பெயர் போலவே ஒலிக்கும். பறங்கியர் வம்சாவளிக் குறிப்புகளோ அந்தக் குடும்பத்தை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரிலிருந்து கொழும்பு வந்த வைத்தியரிடம் கொண்டுபோய் நிறுத்துகின்றன. அந்த வழியில் கொழும்பில் 1758இல் பிறந்த குவின்ட் ஒண்டாட்ஜே உட்ரெக்ட் நகரில், ஆரஞ்சு இளவரசரின் அதிகாரத்தை எதிர்த்த 'தேசபக்தர்கள்' இயக்கத்தின் தலைவர்களில் ஒருவராக இருந்தார். பெயரைப் பார்த்து ஊரைச் சொல்லிவிடலாம் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

நெதர்லாந்தில் குடியேறிய ஈழத்தமிழர் வீடுகளில் ஃபிரீஸ்லாந்துக் கதையே மறுபடி நடக்கிறது. விண்ணப்பத்தில் குடும்பப்பெயர்க் கட்டம் இருக்கிறது, அதில் அப்பா பெயரை எழுதுகிறார்கள். ஒரு தலைமுறையோடு மாற வேண்டிய பெயர் அங்கேயே உறைந்து பேரப்பிள்ளைக்கும் போகிறது. யான்சனும் இப்படித்தான் உறைந்தது.

2024 ஜனவரி முதல் அங்கே சட்டம் மாறியிருக்கிறது. பெற்றோர் விரும்பினால் அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டையும் சேர்த்துப் பிள்ளைக்கு வைக்கலாம். முதல் பிள்ளைக்கு எடுத்த முடிவே தம்பி தங்கைகளுக்கும். ஒரு யான்சனும் ஒரு டி யோங்கும் கல்யாணம் செய்துகொண்டால் பிள்ளை 'யான்சன் டி யோங்' ஆகலாம். எழுத்துக்கூட்டல் வேறானால் வேறு பெயர் என்ற அதே விதிப்படி பார்த்தால், நாட்டின் மிகப் பரவலான இரண்டு பெயர்களையும் கூட்டி அரிய பெயர்களின் பட்டியலுக்கு ஒரு புது வரவு.