இருமும்போது வலிக்கிறதா என்று கேளுங்கள்

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்த மறுநாள், ஐசியூவில் நர்ஸ் வந்து "ஐயா, வலி இருக்கா?" என்று கேட்டார். அப்பா இல்லை என்று தலையாட்டினார். பொய்யில்லை, அசையாமல் படுத்திருந்தவருக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. சற்று நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் வந்து, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார். அப்பா தொண்டையைக் கனைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சுப் பயிற்சிக் கருவியில் முதல் பந்துகூட எழவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இதில் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு. இதய அறுவைக்குப் பிறகு வலியை இருமச் சொல்லித்தான் அளக்க வேண்டும்.

நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறந்து, கடைசியில் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். ஆழமாக மூச்செடுத்தால் அந்த இடம் அசைந்தே தீரும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், அப்புறம் நிமோனியா வரை போகலாம். மார்பினைக் கூட்டினால் வலி குறையும், கூடவே மூச்சும் மந்தமாகும். புரூஃபென் வகை மாத்திரைகள் பைபாஸ் ஆனவர்களுக்கு ஆகாது.

நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, அதாவது 'பிளாக்', இங்கேதான் உதவுகிறது. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, நெஞ்செலும்பின் இருபுறமும் விலா நரம்புகள் வரும் வழியில் புபிவகைன் அல்லது ரோபிவகைன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்துகிறார்கள். முதுகுத் தசைக்கு அடியில் போடும் எரெக்டர் ஸ்பைனே பிளாக் என்ற முறை 2016இல்தான் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. முதுகில் தண்டுவடத்தை ஒட்டிய இடத்தில் மருந்து செலுத்தும் எபிடூரல் அதற்கு வெகுகாலம் முன்பே இருக்கிறது. ஆனால் இதய அறுவையில் ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் கொடுக்கிறார்கள். அப்போது தண்டுவடத்தருகே ரத்தம் கசிந்து கட்டினால் கால்களே செயலிழக்கலாம். அரிதுதான், ஆனாலும் அந்தப் பயம் நியாயமானது. மற்ற இரண்டு ஊசிகளும் தண்டுவடத்தை விட்டு விலகியே போடப்படுகின்றன.

இதைப் போட்டால் நிமோனியாவே வராது என்று நான் சொல்லவில்லை. ஒரு முறை போட்டால் சில மணி நேரம்தான் தாங்கும், மெல்லிய குழாய் வைத்தால் நீட்டிக்கலாம். காலில் ரத்தக்குழாய் எடுத்த இடத்து வலிக்கு இது உதவாது. ஆனால் வென்டிலேட்டர் குழாயை எடுத்ததும் தானாக மூச்செடுக்கப் பழகும் அந்த முதல் நாளுக்கு, சில மணி நேரமே பெரிய விஷயம்.

அறுவைக்கு முந்தைய மாலை மயக்க மருத்துவர் வந்தார். ஆடும் பல் உண்டா, ஒவ்வாமை உண்டா என்று கேட்டார். வேறு ஏதாவது கேட்கணுமா என்றும் கேட்டார். எத்தனை அடைப்பு, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்றெல்லாம் சர்ஜனிடம் துருவிக் கேட்ட நாங்கள், அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. "நெஞ்சுக்கு பிளாக் போடுவீர்களா டாக்டர், அப்பாவுக்கு அது ஒத்துவருமா?" என்று கேட்டிருக்கலாம்.

அப்பா வாய்விட்டு இருமியது நான்காம் நாள்தான்.