உக்கின காரை யார் தலையில் கட்டுகிறோம்?

கொழும்பில் பழைய கார் விற்பனை விளம்பரங்களை விடாமல் பார்க்கிறவன் நான். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், வொக்ஸ்வாகன் பீற்றில், பெஜோ 404 எதைப் போட்டாலும் நின்று பார்ப்பேன். அண்மைக்காலமாக ஒரு வகை விளம்பரம் கூடிவிட்டது. முன்பக்கத்தில் இருந்து எடுத்த ஒரே ஒரு படம், அதிலும் சில்லுகளைப் புல் மூடியிருக்கும். கீழே "ரெஸ்ரோர் பண்ண ஏற்ற கார், கொஞ்சம் வேலை இருக்கு, பதிவுப் புத்தகம் கிளியர்" என்று எழுதியிருக்கும். விலையைப் பார்த்தால் தலை சுற்றும்.

அடித்தகடு முழுக்க உக்கிப்போன காரை, திருத்தி ஓடலாம் என்று சொல்லி விற்பது அநியாயம். அதை உதிரிப்பாகத்துக்கு என்று சொல்லி, உதிரிப்பாக விலைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார். பிரித்தானியக் கார்களில் முதன்முதலில் பத்து இலட்சத்தைத் தொட்டது இதுதான். ஆனால் இதற்குத் தனியாக ஒரு முழுச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. நிலத்தகடும், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற சில் பகுதியும், பின் ஸ்பிரிங் தகடுகள் வந்து பிடிக்கிற இடமும் சேர்ந்துதான் காரின் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. அந்த இடங்களில் கறள் ஏறிவிட்டால் காரின் முதுகெலும்பே போய்விட்டது. பூச்சு எவ்வளவு மினுங்கினாலும் பிரயோசனம் இல்லை.

என்ஜின் இறுகிப்போயிருக்கிறது என்று விற்பவர் சொன்னால் நான் பயப்பட மாட்டேன். மைனரில் 1952க்குப் பிறகு வந்த ஏ சீரிஸ் என்ஜின் குடும்பம் 1951 முதல் 2000 வரை செய்யப்பட்டது. மினிக்கும் அதே குடும்பம்தான். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நாலு கடை ஏறி இறங்கினால், பழைய நானாமார் யாராவது இருந்தால், பிஸ்டனோ காஸ்கெட்டோ எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிடுவார்கள். தகடு அப்படியில்லை. உக்கின துண்டை வெட்டி, அளவாக வளைத்து, கார் நெளியாமல் தாங்கு கொடுத்து வெல்டிங் பண்ணத் தெரிந்த ரிங்கரிங் பாஸ்மார் குறைந்துகொண்டே போகிறார்கள். இருப்பவர்களிடமும் வேலை வரிசையில் நிற்கிறது.

தெஹிவளையில் ஒரு வளவுக்குள் நின்ற மைனரைப் பார்க்கப் போயிருந்தேன். கடலும் ரயில் பாதையும் பக்கத்தில். வீட்டுக்கார ஐயா நல்ல மனிதர், காரைப் பற்றிப் பாசமாகக் கதைத்தார். சாரதி பக்கத்து றப்பர் விரிப்பைத் தூக்கினேன். கீழே தகடு இல்லை, மண்ணும் புல்லும் தெரிந்தன. சில் பகுதியில் காந்தத்தை வைத்தால் ஒட்டவே இல்லை. ஸ்குறூட்ரைவரின் பிடியால் மெல்லத் தட்ட, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி கட்டியாகக் கழன்று விழுந்தது. அதற்குப் பின்னால் மடித்து அடைத்த பழைய பத்திரிகைத் தாள். கதவைத் திறந்து விட்டால் அது இரண்டு விரல் அளவு கீழே தொங்கியது. அந்தக் கார் நடுவால் இறங்கத் தொடங்கிவிட்டது. ஐயாவுக்கு இது தெரியாது. ஆனால் அதை வாங்கி விளம்பரம் போட்டு விற்க இருந்த தரகருக்கு நன்றாகவே தெரியும்.

பீற்றில் என்றால் பின் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். பற்றரி அங்கேதான் இருக்கிறது. அமிலம் வடிந்து வடிந்து அதற்கு நேர் கீழே தகடு அப்பளம் மாதிரி ஆகியிருக்கும்.

"யாழ்ப்பாணத்துக் கார், வீட்டுக்குள்ளேயே நின்றது" என்றும் ஒரு கதை சொல்வார்கள். போர்க்கால எரிபொருள் தடையின்போது அங்கே ஒஸ்ரினும் மொறிஸும் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்த கார்கள் அவை. எனக்கு அவற்றின் மேல் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதைக்காகவே சொல்கிறேன், அந்தக் கதையைச் சொல்லிக் கறளுக்கு விலை ஏற்றாதீர்கள்.

விலை ஏறியதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் நான்கு சில்லு இருந்த எல்லாமே தங்கமானது. அந்த விலை பலருடைய மனதை விட்டு இன்னும் இறங்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி, கல்யாணத்துக்கு முன் ஒரு பழைய கார் வேண்டும் என்ற ஆசையில், சேர்த்த காசை எல்லாம் இப்படி ஒரு கூட்டுக்குள் போட்டார். கார் இன்னும் கராஜில் பாதி வெட்டியபடி நிற்கிறது. காசும் முடிந்து, காரும் இல்லை. அவரை நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது.

இன்னொரு கூட்டம் காரை வாங்குவதே புத்தகத்துக்காக. சேசிஸ் இலக்கத் தகட்டைக் கழற்றி வேறொரு காரில் பொருத்துகிறார்கள். அது சட்டவிரோதம், அவ்வளவுதான்.

சரி, நாட்டில் ஒன்றிரண்டே மிஞ்சிய அபூர்வமான கார் என்றால் கதை வேறு. வெறும் கூட்டையும் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் சாதாரண நான்கு கதவு மைனர் அப்படியில்லை. அடி உக்கின ஒரு மைனரில் நல்ல கதவுகள் இருக்கும், கண்ணாடிகள் இருக்கும், டிஃபரன்ஷல், ஸ்ரியரிங், பொனட் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கிற மூன்று நான்கு கார்களை அது இன்னும் பல வருடம் வீதியில் வைத்திருக்கும். அப்படிப் பிரித்துக் கொடுக்க மனம் வராதவர்கள், கார் ஓடுகிற நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அப்பாவின் நினைவாக என்று மாமரத்தின் கீழ் விட்டு உக்க விடுவது அப்பாவுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

விளம்பரம் போடும் அண்ணாமாருக்கு ஒரு வேண்டுகோள். விரிப்பைத் தூக்கி நிலத்தகட்டைப் படம் எடுங்கள். ஜாக்கி வைக்கிற இடம், பின் ஸ்பிரிங் பிடிக்கிற இடம், சேசிஸ் இலக்கம், வாகன வருமான வரிப்பத்திரம் கடைசியாக எடுத்த ஆண்டு, இவை எல்லாவற்றையும் போடுங்கள். வாங்குகிற தம்பிமார் "கடைசி விலை என்ன?" என்று கேட்பதற்கு முன் இந்தப் படங்களைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் காரைப் பார்க்கக்கூடப் போக வேண்டாம்.