அன்ஃபேர்னா கருப்பா மிஸ்?

போன வாரம் டியூஷனில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்ட கேள்வி இது. எதிர்ச்சொல் எழுதும் பயிற்சி. ஹாப்பி – அன்ஹாப்பி, கைண்ட் – அன்கைண்ட் என்று கடகடவென எழுதிக்கொண்டு வந்தவள், ‘ஃபேர்’ வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டாள். “மிஸ், ஃபேர்னா நல்ல கலர்தானே? அப்போ அன்ஃபேர்னா கருப்பா?”

மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டில் அந்தச் சொல் புழங்கும் இடங்கள் எவை? முகத்தில் பூசும் கிரீம். கல்யாண புரோக்கர் கொண்டுவரும் ஜாதகத் தாள். “பொண்ணு ஃபேரா இருப்பாளா?” என்று யாராவது அத்தை கேட்பது. நியாயம் என்ற பொருளில் அதை அவள் கேட்டிருக்க வழியே இல்லை.

சொல்லின் கதையைப் பார்த்தால் அவள் அவ்வளவு தூரம் வழி தவறவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இதற்கு அழகு, கண்ணுக்கு இனியது என்றுதான் பொருள். இதன் சொந்தக்காரச் சொல்லான ‘ஃபாகுர்’ ஐஸ்லாந்து மொழியில் இன்றும் அழகைத்தான் குறிக்கிறது. நார்வேயின் முதல் அரசன் என்று சொல்லப்படும் ஹரால்டுக்கு ‘ஃபேர்ஹேர்’ என்று பட்டப்பெயர். பொன்னிற முடிக்காரன் என்று நினைத்துக்கொள்வோம். மூலத்தில் அது அழகிய கூந்தல்தான், நிறம் பற்றிய பேச்சே இல்லை.

அழகிலிருந்து நியாயத்துக்கு எப்படிப் போனது? நடுவில் ஒரு படி இருக்கிறது: கறையில்லாதது. மேகமில்லாத வானம் ஃபேர். அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து ஃபேர் காப்பி. நம் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு ரஃப் நோட்டு, ஒரு ஃபேர் நோட்டு உண்டே, அதே ஃபேர்தான். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிரிக்கெட் ஸ்கோர், பூ, பக்கத்து பெஞ்சுக்காரியின் கார்ட்டூன் எல்லாம் இருக்கும். ஃபேர் நோட்டுக்கு பிரவுன் அட்டை, லேபிள், ஸ்கேல் வைத்துப் போட்ட மார்ஜின். அந்தச் சுத்தம் ஒருவருடைய நடத்தையிலும் இருந்தால், அதாவது கள்ளமும் பாரபட்சமும் இல்லாமல் நடந்தால், அதுவும் ஃபேர். 14-ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே இந்தப் பொருள் வந்துவிட்டது. அழகு என்றால் வெளுப்பு என்று நினைத்தவர்கள் வாயில் அதே சொல் தோல் நிறத்துக்கும் போனது. ஒரு வேர், இரண்டு கிளை. நம் ஊரில் கெட்டியாக வேர் பிடித்தது அந்த இரண்டாவது கிளைதான் என்பதே என் வருத்தம்.

போதாக்குறைக்கு ‘சுமார்’ என்றும் ஒரு பொருள். நான் படித்த பள்ளியில் மார்க் அட்டையில் ‘கையெழுத்து: ஃபேர்’ என்று போட்டிருந்தார்கள். குட் போட மனசு வரவில்லை, புவர் போட இரக்கம் விடவில்லை என்று அர்த்தம். அண்ணன் அதை எங்கள் அப்பாயிக்குப் படித்துக் காட்டினான். “புள்ள நெறத்தையெல்லாம் எதுக்குடா அட்டையில எழுதுறாங்க?” என்று கேட்டது கிழவி.

முகத்தில் பூசும் அந்த கிரீம் 1975-இல் சந்தைக்கு வந்தது. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி என்ற பெயரிலிருந்து ஃபேரை எடுத்துவிட்டு குளோ என்று வைத்தார்கள். எங்கள் தெருக் கடையில் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அண்ணாச்சியும் புதிய டியூபைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்.

இதில் நாம் ரொம்ப யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. தமிழ் அகராதியில் ‘செம்மை’யைத் தேடிப் பாருங்கள். சிவப்பு என்றும் இருக்கும், நேர்மை என்றும் இருக்கும், அழகு என்றும் இருக்கும். வளையாத கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். துலாக்கோல் போல ஒரு பக்கம் சாயாமல் இருப்பது சான்றோர்க்கு ‘அணி’, அதாவது ஆபரணம், என்கிறார் வள்ளுவர். நியாயத்தைப் பேசும் இடத்தில் அவரும் அழகைத்தான் கொண்டுவந்து வைக்கிறார்.

சரி, ஃபேர் என்றால் நியாயம் என்று எழுதிவிட்டு மேலே போய்விடலாமா? ரேஷன் கடைப் பலகையில் அப்படித்தான் செய்தார்கள். ஃபேர் பிரைஸ் ஷாப், நியாய விலைக் கடை. அங்கே அது பொருந்துகிறது. எல்லா இடத்திலும் பொருந்தாது. ‘ஜஸ்ட்’ என்ற இன்னொரு ஆங்கிலச் சொல் லத்தீனில் சட்டம், உரிமை என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. அதற்குக் கோர்ட் வாசனை உண்டு. ஃபேருக்கு இருப்பது விளையாட்டு மைதானத்து வாசனை.

கிரிக்கெட்டில் பாருங்கள். பந்து போடும் முன்பே கிரீஸ் கோட்டை விட்டு நகரும் நான்-ஸ்டிரைக்கரை, அதாவது பவுலர் பக்கம் நிற்கும் பேட்ஸ்மேனை, பவுலரே ரன் அவுட் ஆக்கலாம் என்று விதி இருந்தது. ஆனால் ‘அன்ஃபேர் பிளே’ என்ற தலைப்பில் வரும் 41-ஆம் விதிக்குள் அதை வைத்திருந்தார்கள். 1947-இல் சிட்னியில் இந்தியாவின் வினூ மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை அப்படி அவுட் ஆக்கியதிலிருந்து பஞ்சாயத்துதான். 2019 ஐ.பி.எல்.-இல் நம்ம அஸ்வின் பட்லரை ஆக்கியபோது எத்தனை பேர் ஒழுக்கப் பாடம் எடுத்தார்கள்! விதிப்படி அவுட், ஆனாலும் ஃபேர் இல்லையாம். 2022 அக்டோபரில் அதை 38-ஆம் விதியான ரன் அவுட்டுக்கு மாற்றிய பிறகுதான் அந்தக் கறை போனது. (நான் அன்றும் அஸ்வின் பக்கம், இன்றும் அஸ்வின் பக்கம்.)

அன்ஃபேருக்கு நம்மிடம் சொல் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கேரம் போர்டில் காயை முழங்கையால் நகர்த்தினால் அது அழுகுணி ஆட்டம். சென்னைப் பிள்ளைகளுக்குப் போங்கு. பந்தியில் வேண்டியவர் இலைக்கு இரண்டு வடை, அடுத்த இலைக்கு ஒன்று என்றால் பந்தி வஞ்சனை. ஒரு பிள்ளைக்கு ஒரு கண்ணில் வெண்ணெய், இன்னொரு பிள்ளைக்குச் சுண்ணாம்பு என்றால் ஓரவஞ்சனை. ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கும் இடத்தில் நாம் இடத்துக்கு ஒன்று வைத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பவர்கள்தான் எல்லாவற்றுக்கும் ‘நியாயமற்ற’ என்று ஒரே முத்திரையைக் குத்திவிட்டுப் போகிறார்கள்.

அந்தப் பிள்ளைக்கு இவ்வளவும் சொல்லவில்லை. ஓரவஞ்சனையை மட்டும் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டாள். “அப்போ புக் ஃபேர்?” என்றாள். அது திருநாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த வேறொரு ஃபேர், பஸ் ஃபேருக்கு ஸ்பெல்லிங்கே வேறு என்றேன். “ஒரே பேர்ல எங்க கிளாஸ்ல மூணு கார்த்திகா இருக்காங்களே, அது மாதிரி” என்றாள். ஆமாம், அது மாதிரி.

அப்புறம் அன்ஃபேரை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். தம்பி தட்டில் மட்டும் முட்டை வைக்கும் பாட்டியைப் பற்றி எழுதிக் காட்டினாள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஃபேர் நோட்டில் எழுதிக்கோ என்றேன். பேனாவை மூடிவிட்டாள்.

“ரஃப்லயே இருக்கட்டும் மிஸ். ஃபேர் நோட்டை அம்மா எடுத்துப் பாப்பாங்க.”