கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனால் உங்களுக்கு என்ன நட்டம்?

அந்த ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கன்னியாகுமரியில் வேன் நிழலில் பாய் விரித்துச் சாப்பிடும் ஒரு குடும்பத்தை, கேட்காமலே படம் பிடித்து, "கொங்கு டூர்: கடலுக்குப் பத்து நிமிசம், சோத்துக்கு ரெண்டு மணி நேரம்" என்று போட்டிருக்கிறார்கள். என் நட்புப் பட்டியலிலேயே பலர் பகிர்ந்தாயிற்று. நல்லா சிரிங்க.

சோறு கட்டிக்கொண்டு போவதில் என்னங்க கேவலம்? ஈரோட்டிலிருந்து கன்னியாகுமரி 400 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரியே கிளம்பி தாராபுரம், திண்டுக்கல், மதுரை என்று ஓட்டினால்தான் சூரிய உதயத்துக்குப் போய்ச் சேரலாம். அப்புறம் படகுக்கு வரிசை. விவேகானந்தர் பாறையில் இறங்கி, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்து, 133 அடி வள்ளுவரையும் பார்த்துக் கரைக்கு வந்தால் மதியம் ஒன்றரை. கூட இருப்பது சர்க்கரை மாத்திரை போடும் அம்மா, பல் போன அப்பாரு, பசியில் சிணுங்கும் வாண்டுகள். மே மாதக் கூட்டத்தில் இவர்களை ஓட்டல் வாசலில் நிற்க வைக்கவா? புளிச்சோறும் தயிர்ச்சோறும் வேனில் இருக்கிறது, சாப்பிடுகிறோம். அவ்வளவுதான்.

"அப்போ உள்ளூர்க்காரன் எப்படிப் பிழைப்பான்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ரூம் வாடகை யார் கொடுக்கிறார்கள்? படகு டிக்கெட்? போகிற வழியில் திருநெல்வேலி அல்வா, உடன்குடி கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன், ஆளுக்கொரு பாசிமாலை. திரும்பும்போது வேனில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு வேளை மதியச் சோற்றில்தான் அந்த ஊர் பொருளாதாரம் படுத்துவிட்டதாக்கும்!

குப்பையா? போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தப்புதான். ஆனால் மணலில் பீர் பாட்டிலை உடைத்துப் போட்டது புளிச்சோற்றுக் கும்பல் இல்லை.

"இவங்களுக்குக் கடலை ரசிக்கத் தெரியாது" என்ற கமெண்ட்தான் தைத்தது. எங்கள் தோட்டத்தில் ஆயிரம் அடி போர் போட்டும் வெறும் புழுதிதான் பறந்தது. அப்பாவைத் திருச்செந்தூர் கூட்டிப் போனபோது நாழிக்கிணற்றை விட்டு நகரவே மாட்டேன் என்றார். கடலுக்கு அத்தனை பக்கத்தில், பெரிய கிணற்றுக்குள் சின்னக் கிணறு, தண்ணீரில் உப்பு இல்லை. கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். கடலைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி குடித்தார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் படியேறினார். இது ரசனை இல்லையா? செல்ஃபி எடுத்தால்தான் ரசனையா?

சோறு கட்டிப் போவதால்தான் எங்கள் குடும்பத்தில் பதினாறு பேரும் போக முடிகிறது. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இடிந்த சர்ச் சுவரையும், அரிச்சல்முனையில் ரெண்டு கடல் சேர்வதையும் கவுச்சி தொடாத என் அம்மா பார்த்தது சோறு கொண்டு போன தூக்குப்போசி புண்ணியத்தில். அங்கே கடைகளில் மீன் வறுவல் வாசம்தான் தூக்கும்.

இத்தனைக்கும் அந்த ரீல்ஸை எங்கள் குடும்ப குரூப்பில் போட்டவன் யார் தெரியுமா? பெங்களூரில் இருக்கும் என் சித்தப்பா மகன். சின்ன வயதில் இதே வேன் டூரில் சன்னல் சீட்டுக்கு அழுதவன். கீழேயே, "அடுத்த வருசம் கோவா ரிசார்ட், பெரியவங்களுக்கு அலைச்சல், வீட்லயே இருக்கட்டும்" என்று வேறு எழுதியிருக்கிறான். அலைச்சல் என்று அவர்கள் சொன்னார்களா? கேட்டானா? கோவா போ, கண்ணு, யார் வேண்டாம் என்றது. பெரியவர்களைக் கழித்துவிடுவதற்கு அக்கறை என்று பேர் வைக்காதே.

குரூப்பை விட்டு வெளியேறலாம் என்று பார்த்தேன். அம்மா தினமும் காலை வணக்கம் போடுவது அதில்தான். அவரும் அந்த ரீல்ஸைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அந்த ஊட்டுக்காரங்க அப்பளம் கொண்டு போகலியா?" என்று கேட்டிருக்கிறார்.