உரைகல்லில் போட்டுப் பார்த்தார்களா?
அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள சூப்பர்ஸ்டிஷன் மலையில் பழைய குழி ஒன்று தெரிகிறது, ஆகவே ஜேக்கப் வால்ட்ஸ் என்ற தங்கம் தேடியின் தொலைந்துபோனதாகச் சொல்லப்படும் தங்கச் சுரங்கம் அதுதான் என்று இந்தக் கட்டுரை முடிப்பது அவசரம். வால்ட்ஸ் இறந்த 1891இலிருந்து அங்கே குழி தோண்டாதவர் யார்? திருகோணமலையில் எங்கள் வளவில் கிணறு வெட்டியபோது மஞ்சளாய் மின்னும் கல்லொன்று வந்தது. பெரியப்பா அதை வேட்டி மடியில் முடிந்துகொண்டு பத்தரிடம் ஓடினார். உரைகல்லில் மஞ்சள் கோடே விழவில்லை, கல்தான் பொடிந்தது, தங்கம்போல மினுங்கும் இரும்புப் பைரைட் அது. (பெரியம்மா அதற்குள் காப்புக்குக் கை அளவே எடுத்துவிட்டார்.) மேலே கருத்துப் பகுதியில் 'வால்ட்ஸின் கட்டிலடியில் தங்கத் தாது இருந்ததே' என்று கேட்டவருக்கு: சரி, இருந்தது என்றே வைப்போம், அது எந்த மண்ணில் எடுத்தது? அந்த மலை பெரும்பாலும் எரிமலைப் பாறை. 1890களில் உண்மையாகவே தங்கம் எடுத்த கோல்ட்ஃபீல்ட் என்ற சுரங்க ஊர் அதன் அடிவாரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது; தாது அந்தப் பக்கத்து மண்ணாகவும் இருக்கலாமே.