விழிப்புணர்வு இல்லையாம்

"நோயாளிகளிடம் விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்வருவதில்லை" என்று ஒரு கூட்டத்தில் மேடையேறிப் பேசியவரைப் பற்றி அன்றைக்கே எழுதியிருப்பேன். கோபம் அடங்கட்டும் என்று விட்டேன், அடங்கவில்லை.

என் அத்தை மகன் குமாரபாளையத்தில் தறி ஓட்டியவர். வாரம் மும்முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் எடை பார்த்து, கூடியிருந்தால் "தண்ணீரை இப்படிக் குடிக்கலாமா?" என்று கடிந்துகொள்வார்கள். அவ்வளவு அக்கறையுள்ள இடத்தில், டயாலிசிஸ் செய்துகொள்வதாலேயே மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறிவிடாது, உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாகத் தனியே பதிய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த கோபிக்காரர்தான் சொன்னார். முதலமைச்சர் காப்பீட்டில் இந்த அறுவை சிகிச்சை அடங்கும் என்பதும், அடிக்கடி இரத்தம் ஏற்றினால் பிறர் உறுப்பை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் உடலில் உருவாகிப் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பது கடினமாகலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. கேட்காதது எங்கள் குற்றமாம்.

மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பீர்கள். செவிலியர்கள் படும் பாட்டை நானும் பார்க்கிறேன். நான்கு மணி நேரம் நோயாளிகள் அசையாமல் படுத்திருக்கும் அறையின் சுவரில் ஒரு தாளை ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

கொடுக்க வருபவர்களிடம் கெடுபிடி இல்லாவிட்டால், தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்களைத் தரகர்கள் விலைபேசிய பள்ளிபாளையம்போல் ஆகிவிடும் என்றும் சிலர் வருவீர்கள். 2025இல் அந்தச் செய்தி வந்தபோது எங்கள் தறிப்பட்டறைகளில் தலைகுனிந்தவர்கள் நாங்கள்தான், நீங்கள் அல்லர். உறுப்பு விற்பனையைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டும், விசாரணையும் வேண்டும். ஆனால் மாரியம்மன் கோவிலில் தாலி கட்டி, திருமணத்தைப் பதியாமலே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய மச்சானின் மனைவியிடம், எங்கள் அக்காவிடம், "இவர் உங்கள் கணவர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்ட அந்தக் குரலை மறக்க முடியவில்லை. சிறுநீரகம் தருகிறேன் என்று வந்தவரைத் தரகர்போல் பார்த்தார்கள். அத்தைக்குச் சர்க்கரை நோய், அவர் கொடுக்க முடியாது. அண்ணன் தம்பிகள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். எப்போதும் தாயும் மனைவியும்தான் முதலில் கையை நீட்டுகிறார்கள். அவர்களிடம்தான் எல்லாக் காகிதமும் கேட்கிறார்கள்.

சொல்லுங்கள், விழிப்புணர்வு யாருக்கு இல்லை? அக்காவுக்கா?

அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறேன். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து வைத்தால் மச்சானும் வருவார். மேடையில் ஒரு நாற்காலி மட்டும் போட்டுவிடுங்கள், அவரால் நெடுநேரம் நிற்க முடியாது.