எடிசன் அம்மாவும் இல்லாத கடிதமும்

"உங்கள் மகன் மந்தபுத்தி, இனி பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்" என்று வந்த கடிதத்தை எடிசனின் அம்மா "உங்கள் மகன் மேதை" என்று மாற்றிப் படித்தாராம். அம்மா இறந்த பிறகே எடிசனுக்கு உண்மை தெரிந்ததாம். வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. இது கட்டுக்கதை.

மூளை குழம்பிய பையன் என்று ஆசிரியர் சொன்னதை எடிசனே காதால் கேட்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அம்மா நான்சி மறைக்கவில்லை. கோபத்தோடு பள்ளிக்கே போய் ஆசிரியரிடம் சண்டை போட்டார். அப்புறம் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். அவரும் முன்பு ஆசிரியர்தான். எனக்கு இந்த நிஜ நான்சியைத்தான் பிடிக்கிறது.

எடிசனின் வாழ்க்கையைப் படிக்க, 1910இல் ஃபிராங்க் டயர், தாமஸ் மார்ட்டின் இருவரும் எழுதிய எடிசன் வரலாற்றைப் பார்க்கலாம். பழைய நூல்களைத் தரும் புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசம். அந்தக் கடிதக் கதை வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.